சாட்சிக் கூண்டும் கைப்பேசியும்



எந்த நீதிபதியும் தாம் விசாரிக்கும் குற்றத்தைத் தம் கண்ணால் கண்டவர் அல்லர். குற்றம் நடந்த இடத்துக்கும் அவர் அமர்ந்திருக்கும் மேடைக்கும் இடையே பல மைல் தூரமும், பெரும்பாலும் பல ஆண்டுக் காலமும் கிடக்கின்றன. அந்தத் தூரத்தைக் கடந்து வந்து, “நான் அங்கே இருந்தேன், இவ்வாறுதான் நடந்தது” என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அவரையே சாட்சி என்கிறோம். அவர் பெரிய மனிதராக இருக்கவேண்டும் என்பதில்லை. கடைத்தெருவில் நின்றிருந்தவராக இருக்கலாம்; மாடு ஓட்டிச் சென்றவராக இருக்கலாம்; பேருந்துக்காகக் காத்திருந்தவராக இருக்கலாம். வழக்கினால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை. ஒருநாள் கூலி நஷ்டந்தான் உண்டு. ஆயினும் வழக்கு முழுவதும் அவருடைய நாவின்மீதே நிற்கிறது. ஆகையால், வழக்கை வெல்ல நேர்வழி இல்லாதவர்கள் முதலில் தேடிச் செல்வது அந்த நாவைத்தான்.

சாட்சியை அச்சுறுத்துவது புதிய வழக்கமன்று. அந்தக் காலத்தில் அதற்கு ஓர் ஆள் வரவேண்டும். இருட்டிய பிறகு வாசற்படியில் நின்று, “கோர்ட்டுக்குப் போகிறாயாமே?” என்று கேட்கவேண்டும். அந்த ஆளை அண்டை வீட்டார் பார்த்துவிடக்கூடும். இன்று யாரும் வரவேண்டியதில்லை. சாட்சியின் சட்டைப்பையிலேயே ஒரு கதவு இருக்கிறது, அதுதான் கைப்பேசி. அதன் வழியாக நள்ளிரவிலும் ஒருவர் உள்ளே நுழைந்துவிடலாம். இந்தப் புதிய மிரட்டல் நீதியை எவ்வாறு பாதிக்கிறது, அதற்குச் சட்டத்தில் என்ன பரிகாரம் உண்டு, சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன பொறுப்பு இருக்கிறது என்பவற்றை இங்கே காண்போம்.

முதலில் ஒரு நிலப்பகுதியை மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்றால் வாளையாறு. அதற்குத் தெற்கே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாகச் சோதனைச் சாவடிகள். ஆனைகட்டி வழியாக மலையேறினால் அட்டப்பாடி. இன்னும் தெற்கே இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, வண்டிப்பெரியாறு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இவ்வூர்கள் அம்மாநிலத்தில் சேர்ந்தன. கோடு போட்டார்களே ஒழிய வாழ்க்கை அந்தக் கோட்டின்படி பிரிந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளரின் லயங்களிலும், கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலும், அட்டப்பாடி மலையடிவாரத்திலும் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒன்றோடொன்று கலந்தே ஒலிக்கின்றன.

இத்தகைய இடங்களில் யாரும் யாருக்கும் அந்நியர் அல்லர். எதிரியின் கடையில்தான் சாட்சி கடன் வைத்து அரிசி வாங்குகிறார். எதிரியின் மாமன் ஓட்டும் ஜீப்பில்தான் சாட்சியின் மகள் பள்ளிக்குப் போகிறாள். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பட்டணத்தில் சாட்சி சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிடலாம். மலையூரில் மறைவதற்கு இடமில்லை. இதனை மனத்தில் கொண்டால்தான் அடுத்துச் சொல்லப்போகும் வழக்கின் தன்மை விளங்கும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள். அட்டப்பாடியில் சிண்டக்கி என்னும் பழங்குடி ஊரைச் சேர்ந்த மது என்ற இளைஞர் மனநலம் குன்றிக் காட்டுக் குகையில் தனித்து வாழ்ந்து வந்தார். முக்காலிக் கடைகளில் அரிசி முதலிய பொருள்களைத் திருடினார் என்று சந்தேகித்து, ஒரு கூட்டத்தார் காட்டுக்குள் சென்று அவரைப் பிடித்தனர், கைகளைக் கட்டினர், அடித்தனர், காட்டிலிருந்து முக்காலிக்கு நடத்தி வந்தனர். பின்னர்ப் போலீஸாரிடம் ஒப்படைத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. பசித்த மனிதன் ஒருவனைப் பலர் கூடிக் கொன்ற இந்நிகழ்ச்சியில் மற்றொரு கொடுமையும் உண்டு. கட்டுண்டு நின்ற அவரைக் கைப்பேசியில் படம் பிடித்தனர். தம் முகமும் தெரியும்படி செல்ஃபி எடுத்தவரும் உண்டு. அப்படங்கள் சமூக ஊடகங்களில் பரவி, ஓரிரு நாள்களில் நாடு முழுவதும் கண்டு திடுக்கிட்டது.

படம் இருக்கிறது, கூட்டத்தில் நின்றவர்கள் இருக்கிறார்கள், பகல் வெளிச்சத்தில் நடந்த செயல். இத்தகைய வழக்கில் நீதி கிடைப்பதற்குத் தடை என்ன இருக்கமுடியும் என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு. அரசுத் தரப்பில் வாதிடச் சிறப்பு வழக்கறிஞரை அமர்த்துவதிலேயே தடங்கல்மேல் தடங்கல் ஏற்பட்டது. சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கியது 2022ஆம் ஆண்டில். இடையே நான்கு ஆண்டுகள். எதிரிகள் ஜாமீனில் வெளியே இருந்தனர். சாட்சிகள் அதே ஊர்களில் இருந்தனர். நான்கு ஆண்டுகள் என்பது ஒருவர் மனத்தை மாற்றுவதற்குத் தாராளமான அவகாசம்.

மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகத் தம் முதற்சொல்லிலிருந்து விலகினர். மாஜிஸ்திரேட்டின் முன் வாக்குமூலம் அளித்திருந்தவர்களுள் சிலரும் அவ்வாறே செய்தனர். வனத்துறையில் தற்காலிகக் காவலராக இருந்த சிலரும் அவ்வரிசையில் சேர்ந்து, அதனால் வேலையை இழந்தனர். வழக்கில் மொத்தம் 127 சாட்சிகள். அவர்களுள் 24 பேர் பிறழ்ந்தனர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த இடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது பேசத் தோன்றுகிறது. இவ்வாறு மாறும் சாட்சியை ஆங்கிலச் சட்டம் ‘பகைச் சாட்சி’ என்னும் பொருள்படக் குறிக்கிறது. மலையாளப் பத்திரிகைகள் ‘கூறுமாறிய சாட்சி’ என்று எழுதுகின்றன. மலையாளத்தில் கூறு என்றால் விசுவாசம், அதாவது பற்று. தமிழில் நாம் ‘பிறழ் சாட்சி’ என்கிறோம். மூன்று சொற்களும் ஒன்றையே குறித்தாலும் மூன்றும் ஒரே மனிதரைக் காட்டவில்லை. ஆங்கிலச் சொல் அவரைப் பகைவர் ஆக்குகிறது. மலையாளச் சொல் அவரைக் கட்சி மாறியவர் ஆக்குகிறது. தமிழ்ச் சொல் ஒன்றே அவர் நின்ற இடத்திலிருந்து வழுவினார் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. வழுவியது தாமாகவா, பிறர் தள்ளியதாலா என்ற கேள்விக்கு அது இடம் விடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கவேண்டும்.

சாட்சி பிறழ்ந்தால் வழக்குக்கு ஏன் அத்தனை சேதம்? போலீஸார் விசாரிக்கும்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை. அது நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் கொள்ளப்படுவதில்லை. பின்னால் அவர் மாற்றிச் சொன்னால், “அன்று இப்படிச் சொன்னீர் அல்லவா?” என்று முரண்பாட்டைக் காட்டுவதற்கே அது பயன்படும். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கும் அபாயத்தைத் தடுக்க ஏற்பட்ட நல்ல விதி இது. மாஜிஸ்திரேட்டின் முன் அளிக்கும் வாக்குமூலம் இதைவிட வலிமையுள்ளது; ஆயினும் அதுவும் கூண்டில் நின்று சொல்லும் சொல்லுக்கு ஈடாகாது. எனவே சட்டத்தின் பார்வையில் சாட்சி உண்மையாகப் பேசுவது கூண்டில் ஏறிய அந்த ஒரு நாளில்தான். அந்த ஒரு நாளைக் கெடுத்துவிட்டால் போதும் என்பதை மிரட்டுகிறவர்கள் நன்கு அறிவார்கள்.

கைப்பேசி வழியாக வரும் மிரட்டல் பழைய மிரட்டலிலிருந்து நான்கு வகையில் வேறுபடுகிறது.

முதலாவது, அதற்குத் தூரமும் நேரமும் இல்லை. அட்டப்பாடியில் கண்டவர் திருப்பூரில் பனியன் ஆலைக்குப் போய்விட்டாலும், பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்றாலும் அது உடன் வருகிறது.

இரண்டாவது, அது மிரட்டலைப்போல் தோன்றவேண்டியதில்லை. சாட்சியின் குழந்தை பள்ளி வாசலில் நிற்கும் படம் ஒன்று வருகிறது; கீழே ஒரு சொல்லும் இல்லை. அதை எந்தப் போலீஸ் நிலையத்தில் காட்டி எப்படி விளக்குவது? பெற்றவருக்கு மட்டும் பொருள் விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, அது கூட்டமாக வருகிறது. ஊர்க் குழுவிலோ சாதிக் குழுவிலோ ஒருவர், “நம் பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கிறவன்” என்று ஒரு வரி எழுதுகிறார். நூறு பேர் அதை மற்றவர்களுக்கு அனுப்புகின்றனர். அவர்களுள் தொண்ணூறு பேர் எந்தத் தீங்கும் எண்ணாதவர்கள். ஆனால் மறுநாள் காலையில் டீக்கடையில் சாட்சிக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை.

நான்காவது வேறுபாடு முன்னைய மூன்றுக்கும் எதிரானது. பழைய மிரட்டல் காற்றோடு போய்விடும். கைப்பேசி மிரட்டலோ தடம் விட்டுச் செல்கிறது. இந்தத் தடத்தின் மதிப்பைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவதாகச் சொன்ன கூட்ட மிரட்டல் எங்ஙனம் ஒரு சூழலை உண்டாக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு எடுத்துக்காட்டு. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் 2015ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. அவர் வேறு சாதிப் பெண் ஒருவருடன் பழகியதே காரணம். முதல் எதிரி தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப் வழியாகத் தம் குரலைப் பரப்பிக்கொண்டே இருந்தார். போலீஸாருக்கே சவால் விட்டார். தேடப்படும் மனிதரின் குரல் வீடுதோறும் ஒலிக்கும்போது, அவருக்கு எதிராகக் கூண்டேற வேண்டியவர்கள் மனத்தில் என்ன ஓடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வழக்கிலும் சாட்சிகள் பிறழ்ந்தனர். விசாரணையே நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது சென்னை உயர் நீதிமன்றம் முக்கிய சாட்சியை மீண்டும் அழைத்து, கோயில் காமிராவில் பதிவான காட்சியைக் காட்டிக் கேட்டது. அதில் இருப்பது தாம் அல்லர் என்றே அவர் சொன்னார். ஆனால் காமிரா யாருக்கும் அஞ்சவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் முதல் எதிரியின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

மீண்டும் மண்ணார்க்காட்டுக்கு வருவோம். மது வழக்கிலும் இதைப்போன்ற ஒரு காட்சி நிகழ்ந்தது. ஒரு சாட்சிக்கு முக்காலியில் எடுக்கப்பட்ட வீடியோ காட்டப்பட்டது. அதில் அவரும் நிற்கிறார். தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். உடனே அவர் கண்களைப் பரிசோதிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் தெரிவித்தார். பலர் இதைக் கேட்டுச் சிரித்தனர். ஆனால் சிரிப்பதற்குரிய செய்தியா இது? பார்வை குன்றாத மனிதர் ஒருவர் தம் உருவத்தையே அறியேன் என்று சொல்லவேண்டிய நிலை வருமாயின், அவரைச் சூழ்ந்து நின்றது எத்தகைய நெருக்கடியாக இருந்திருக்கவேண்டும்!

இந்த வழக்கு அவ்வளவோடு சரிந்துவிடாமல் காத்தவை இரண்டு. ஒன்று, சாட்சிகளுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு. மற்றொன்று, முன்னே சொன்ன தடம். எதிரிகள் தாமாகவும் இடையாட்கள் மூலமாகவும் சாட்சிகளுடன் தொடர்பு கொண்டனர் என்பதற்குத் தொலைபேசி அழைப்பு விவரங்களை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் முன்வைத்தது. சாட்சிகளை அணுகலாகாது என்பது ஜாமீன் நிபந்தனை. அது மீறப்பட்டது என்று கண்டு, 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் பன்னிரண்டு பேரின் ஜாமீனை நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதனை உறுதி செய்தது. அதன்பின் அலை திரும்பியது. பிறழ்ந்தவர்களுள் ஒருவர் மறுபடியும் கூண்டேறி, எதிரிகளுக்கு அஞ்சியே முன்னர் மாற்றிச் சொன்னதாகக் கூறித் தம் முதற்சொல்லுக்கே திரும்பினார். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் பதினாறு எதிரிகளுள் பதினால்வர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் பதின்மூவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனையும் ஒருவருக்கு மூன்று மாதத் தண்டனையும் விதிக்கப்பட்டன. இருவர் விடுதலை பெற்றனர்.

இதிலுள்ள ஒரு விந்தையைக் கவனிக்கவேண்டும். மதுவை இழிவுபடுத்த எடுத்த படமே எடுத்தவர்களுக்கு எதிராகச் சான்றாயிற்று. சாட்சியை வளைக்கப் பயன்பட்ட கைப்பேசியே வளைத்த செய்தியையும் எழுதி வைத்தது. கருவி யாருக்கும் நண்பனும் அன்று, பகைவனும் அன்று. அதன் பதிவை உரிய காலத்தில் உரிய இடத்தில் சேர்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

சான்றுகளைத் திரட்டுவதிலேயே குறை நேர்ந்தால் வழக்கு எவ்வாறு தளரும் என்பதற்கு இடுக்கி மாவட்டம் ஓர் உதாரணம் தருகிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வண்டிப்பெரியாற்றுத் தோட்டமொன்றின் லயத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். குற்றஞ்சாட்டப்பட்டவரை 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கட்டப்பனைச் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. விசாரணையில் நேர்ந்த குறைகளைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. ஆகவே வழக்கு தோற்றபோதெல்லாம் சாட்சியை மிரட்டினார்கள் என்று நாம் முடிவு கட்டலாகாது. சம்பவ இடத்தில் உடனே திரட்டவேண்டிய தடயங்களை ஒழுங்காகத் திரட்டினால் சாட்சியின் தோள்மீது விழும் சுமை குறையும். அவ்வாறு திரட்டத் தவறினால் முழுப் பாரத்தையும் ஏழை மனிதர் ஒருவரே தாங்க நேர்கிறது. மேலும், மிரட்டல் குற்றவாளியைத் தப்புவிக்க மட்டுமே பயன்படும் என்பதில்லை. நிரபராதியை மாட்டிவிடப் பொய்ச் சாட்சி சொல்லுமாறும் ஒருவரை மிரட்டலாம். எனவே சாட்சியின் பாதுகாப்பு வழக்கின் இரு தரப்பாருக்கும் பொதுவான நன்மையாகும்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். சாட்சிகள் நீதிமன்றங்களில் படும் அவதியைச் சட்ட ஆணையம் 1958ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே எடுத்துரைத்தது. 2006ஆம் ஆண்டில் சாட்சிப் பாதுகாப்புக்கெனத் தனி அறிக்கையே அளித்தது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் சாட்சிகளுக்குப் புதிய பெயரும் புதிய ஊரும் அளிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள்தான், மகேந்தர் சாவ்லா என்பவர் முதலியோர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, எல்லா மாநிலங்களும் அதனைச் சட்டம்போலவே பின்பற்றவேண்டும் என்று கட்டளையிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசாங்கமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கவேண்டும் என்கிறது.

2018ஆம் ஆண்டுத் திட்டம் எவ்வாறு நடைபெறும் என்பது எளிதில் விளங்கக்கூடியதே. மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. மாவட்ட செஷன்ஸ் நீதிபதி தலைவர். மாவட்டப் போலீஸ் தலைவர் உறுப்பினர். அரசு வழக்கு நடத்தும் பிரிவின் மாவட்டத் தலைவர் உறுப்பினர்-செயலாளர். சாட்சியோ, அவர் குடும்பத்தாரோ, அவருடைய வழக்கறிஞரோ, விசாரணை செய்யும் போலீஸ் அதிகாரியோ விண்ணப்பிக்கலாம். உட்கோட்டப் போலீஸ் அதிகாரி அபாயத்தின் அளவை ஆராய்ந்து ஐந்து வேலை நாள்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அவசரமாயின் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கலாம். உயிருக்கு அபாயம் முதல் வகை. உடல் நலத்துக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ அபாயம் இரண்டாம் வகை. தொல்லையும் அச்சுறுத்தலும் மூன்றாம் வகை. கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் கண்காணிப்பது, தொலைபேசி எண்ணை மாற்றித் தருவது, வீட்டருகே ரோந்து, நீதிமன்றத்துக்கு அரசாங்க வாகனத்தில் காவலுடன் அழைத்துச் செல்வது, எதிரியை நேரில் காணாமலே சாட்சியம் அளிக்கச் செய்வது, தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைப்பது, மிகக் கடுமையான நிலையில் அடையாளத்தையே மாற்றுவது ஆகியவை இதில் அடங்கும். கடுமையான குற்றங்களுக்கும் பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் இத்திட்டம் உரியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15-அ பிரிவோ, சாட்சிகளைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்றே விதிக்கிறது.

மிரட்டுவது தனிக் குற்றமும் ஆகும். பொய்ச் சாட்சி சொல்லுமாறு ஒருவரை அச்சுறுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 195-அ பிரிவாக இருந்தது. இக்குற்றத்தைப் போலீஸார் நேரே பதிவு செய்யலாமா, நீதிமன்றம் எழுதித் தந்தால்தான் நடவடிக்கை எடுக்கலாமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், போலீஸார் நேரே பதிவு செய்யலாம் என்று 2025ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மிரட்டப்பட்டவர் முதலில் கோர்ட்டுக்குச் சென்று முறையிட்டால்தான் வழி பிறக்கும் என்ற தடை இதனால் நீங்கியது.

ஏட்டில் உள்ளது நல்லதே. ஆனால் மலையூரில் அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு கேள்வி. போலீஸ் காவலர் வாசலில் நிற்கலாம். கடைக்காரர் கடன் தர மறுப்பதை அவர் தடுக்கமுடியாது. ஊர்க் குழுவிலிருந்து பெயரை நீக்கியதற்கு எந்தப் பிரிவும் இல்லை. பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாமல் அளிக்கப்படுகிறது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. எனவே விரைவான விசாரணையே மிகச் சிறந்த சாட்சிப் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. மது வழக்கில் நான்கு ஆண்டுகளுக்குப் பதில் நான்கு மாதங்களில் சாட்சிகள் கூண்டேறியிருந்தால், பிறழ்ந்தவர் எண்ணிக்கை இருபத்து நான்காக இருந்திராது.

எல்லைப்புறத்தில் மொழியும் ஒரு காரணம். அஞ்சியிருக்கும் மனிதருக்குத் தம் தாய்மொழி அல்லாத மொழியில் கேட்கப்படும் கேள்வி மேலும் அச்சமூட்டும். அவர் திக்குவது பொய் சொல்வதுபோல் தோன்றும். சாட்சி தமக்குத் தெரிந்த மொழியிலேயே பேசலாம். இயன்றால் அம்மொழியிலேயே அதை எழுதிக்கொள்ளவேண்டும், இயலாவிடில் சரியான மொழிபெயர்ப்பு ஆவணத்தில் சேரவேண்டும் என்பது சட்டம். தமிழோ இருளர் மொழியோ பேசும் சாட்சி இதைத் தயங்காமல் கேட்கலாம். ‘பயந்தேன்’ என்பதற்கும் ‘பயமுறுத்தப்பட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் நழுவவிட்டால், ஒரு குற்றமே ஆவணத்திலிருந்து மறைந்துவிடும்.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் என்ன செய்யலாம்? நம்முள் எவரும் சாட்சியாக நேரலாம். பிழைக்க வந்த ஊரில் கண்டதற்கும் ஆகலாம், விடுமுறையில் சொந்த ஊரில் கண்டதற்கும் ஆகலாம். மிரட்டல் வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அழித்தால் மனம் ஆறும், சான்று போய்விடும். வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கைப்பேசிக்குப் படி எடுத்து வைப்பதோடு, செய்தி வந்த கைப்பேசியையும் பத்திரமாக வையுங்கள். பதில் எழுதாதீர்கள், கோபத்தில் எழுதும் ஒரு வரி உங்களுக்கே எதிராகத் திரும்பும். குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பாராமல் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம் என்பது இன்றைய சட்டம். எனவே மும்பையிலோ சூரத்திலோ இருந்துகொண்டே முறையிடலாம். நீதிமன்றத்துக்கு நேரில் செல்வது அபாயமாயின், காணொளி வழியே சாட்சியம் அளிக்க அனுமதி கேட்கலாம். வழிகாட்ட ஆளில்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு.

இவை மிரட்டப்படுபவருக்குச் சொன்னவை. மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவேளை அதுவே பெரிது. ஊரை விட்டு வந்த நமக்கு ஊர்க் குழுதான் ஊர். அங்கே வரும் ஒவ்வொரு செய்தியும் வீட்டு வாசனையோடு வருகிறது; ஆகையால் யோசியாமல் மற்றவர்க்கு அனுப்பிவிடுகிறோம். வழக்கொன்றில் சாட்சி சொல்லப்போகிறவரின் பெயரோ படமோ அதில் இருந்தால், உங்கள் விரல் சற்று நிற்கட்டும். நீங்கள் நூறு பேரில் ஒருவர்தான். ஆனால் அந்தச் சாட்சிக்கு நூறு பேரும் சேர்ந்தே தெரிவார்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அனுப்பாமல் இருப்பதோடு நின்றுவிடாமல், ஊரில் அந்தக் குடும்பத்தை நன்கு அறிந்தவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, “நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், நாங்கள் உங்களோடு பேசுவதை நிறுத்தமாட்டோம்” என்று கூறலாம். மிரட்டுகிறவன் சாட்சியிடம் சொல்லும் செய்தி, “நீ தனியாள்” என்பதுதான். அதைப் பொய்யாக்க ஓர் அழைப்புப் போதும்.

முக்காலிக் கடைத்தெருவில் அன்று கூடியவர்கள் பலர். மதுவுக்காக ஒருவரும் கை நீட்டித் தடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே ஊர்களிலிருந்து சாட்சிகள் பலர் மலையிறங்கி மண்ணார்க்காட்டுக்கு வந்து, கண்டதைக் கண்டபடியே சொன்னார்கள். பிறழ்ந்தவர்களின் எண்ணிக்கையை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. சொன்ன சொல்லில் நின்றவர்களைப் பற்றி எழுதியவர் குறைவு. எதிரியின் கடைக்கு எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டே உண்மை சொன்ன அந்த எளிய மக்களால்தான், குகையில் வாழ்ந்த அந்த இளைஞனின் சாவுக்கு ஒரு தீர்ப்புக் கிடைத்தது.